ஒரே பெயரில் இரண்டு நூல்கள்: இலண்டன் நகர வெப்பம் பற்றி ஒரு திறனாய்வு

கோடை நாளில் நகரத்திலிருந்து சிற்றூருக்குச் சென்று இரவு தங்கியவர்களுக்கு ஒரு செய்தி நன்றாகத் தெரியும். பொழுது சாய்ந்து இரண்டு மூன்று மணி நேரத்திற்குள் ஊர்ப்புறத்தில் காற்றுக் குளிர்ந்துவிடுகிறது. நகரத்திலோ நள்ளிரவு கடந்த பின்னும் சுவரைத் தொட்டால் கையில் சூடு தெரிகிறது. நகரம் வெப்பமானது என்று இதைக் கொண்டு யாரும் சொல்லிவிடலாம். ஆனால், எவ்வளவு வெப்பம், எந்த நேரத்தில், எந்த இடத்தோடு ஒப்பிட்டு என்று கேட்டால் விடை சொல்வது எளிதன்று.

இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தேடிய இரண்டு ஆங்கில நூல்களை இங்கு எடுத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே நகரத்தைப் பற்றியவை. இரண்டுக்கும் பெயரும் ஒன்றே: ‘இலண்டனின் தட்பவெப்பம்’. முதல் நூலை லூக் ஹோவர்டு 1818-இலும் 1820-இலும் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். விரிவாக்கிய பதிப்பு மூன்று தொகுதிகளாக 1833-இல் வந்தது. இரண்டாம் நூலை டி. ஜே. சாண்ட்லர் 1965-இல் வெளியிட்டார். இடையே ஏறத்தாழ 150 ஆண்டுகள்.

இவ்வளவு பழைய நூல்களை இன்று ஏன் புரட்ட வேண்டும்? கோடை வந்தால் நகர வெப்பத்தைப் பற்றிய எண்கள் செய்தித்தாள்களில் வந்துகொண்டே இருக்கின்றன. நகரம் கிராமத்தைவிட இத்தனை பாகை சூடு என்பார்கள். அந்த எண் எப்படிக் கிடைத்தது என்பதை யாரும் சொல்வதில்லை. எண் கிடைக்கும் வழியை மறைக்காமல் காட்டுபவை இவ்விரு நூல்களும். அவற்றின் நிறைகளோடு குறைகளையும் அறிந்தால் இன்றைய எண்களை எடைபோடும் திறமை நமக்கு வரும்.

முகிலுக்குப் பெயரிட்டவர்

லூக் ஹோவர்டு (1772-1864) தொழிலால் மருந்து வேதிப்பொருள்களைச் செய்து விற்றவர். வானிலை அவருக்குத் தொழில் அன்று, தீராத விருப்பம். கீற்று முகில், திரள் முகில், படை முகில் என்று நாம் பள்ளியில் படிக்கும் பாகுபாட்டுக்கு அடிப்படை, அவர் 1802-இல் ஆற்றிய ஒரு சொற்பொழிவே. செருமானியக் கவிஞர் கெதே அவரைப் பெரிதும் பாராட்டினார். முகிலுக்குப் பெயரிட்டவர் என்று ஹோவர்டை அறிந்தவர்கள் பலர். நகர வெப்பத்தை முதன்முதலில் எண்களால் காட்டியவர் அவரே என்பதை அறிந்தவர்கள் சிலர்.

அவருடைய முறை எளிமையானது. இலண்டனுக்கு வெளியே அப்போது தனி ஊர்களாக இருந்த பிளைஸ்டோ, டாட்டன்ஹாம் ஆகிய இடங்களில் அவர் வாழ்ந்தார். ஸ்டிராட்போர்டில் அவருடைய மருந்துக்கூடம் இருந்தது. இந்த இடங்களில் நாள்தோறும் உச்ச வெப்பநிலையையும் தாழ்ந்த வெப்பநிலையையும் குறித்துவந்தார். நகரத்தின் நடுவே, சாமர்செட் மாளிகையில் இருந்த அரச கழகமும் அதேபோல வெப்பநிலையைக் குறித்து வெளியிட்டுவந்தது. இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்து ஹோவர்டு கழித்துப் பார்த்தார்.

ஆண்டுச் சராசரியில் நகரம் ஊர்ப்புறத்தைவிட ஃபாரன்ஹீட் அளவில் ஒன்றரைப் பாகைக்குச் சற்று மேலாக வெப்பமாக இருந்தது. ஹோவர்டின் சிறப்பு அந்தச் சராசரியோடு அவர் நின்றுவிடாததில் இருக்கிறது. இரவையும் பகலையும் அவர் தனித்தனியே பிரித்தார். இரவில் நகரம் 3.70 பாகை மிகுதியான வெப்பத்தோடு இருந்தது. இது சென்டிகிரேடு அளவில் ஏறத்தாழ 2.1 பாகை. பகலில் நகரம் 0.34 பாகை குளிர்ச்சியாகவே இருந்தது!

நகரம் வெப்பமானது என்று சொல்லும் எவரும் நண்பகல் வெயிலையே நினைத்துக்கொள்கிறார்கள். ஹோவர்டின் பட்டியலோ, நகர வெப்பத்தைத் தேட வேண்டிய நேரம் இரவு என்று காட்டியது. பின்னர் உலகின் பல நகரங்களில் நடந்த காற்று வெப்ப ஆய்வுகள் இதை உறுதிப்படுத்தியுள்ளன. ஒரே ஒரு மனிதர், சில வெப்பமானிகள், பல ஆண்டுப் பொறுமை ஆகியவற்றைக் கொண்டு கிடைத்த முடிவு இது.

இரவில் ஏன்?

காரணங்களையும் ஹோவர்டு ஆராய்ந்தார். எண்ணற்ற அடுப்புகளிலிருந்தும் மக்கள் கூட்டத்திலிருந்தும் வரும் வெப்பம். ஒன்றையொன்று நோக்கி நிற்கும் சுவர்கள் வெப்பத்தைச் சிறைப்படுத்துவது. கட்டடங்கள் காற்றோட்டத்தைத் தடுப்பது. ஆவியாவதற்கு நகரத்தில் ஈரம் போதாமை. இன்றைய பாடநூல் ஒன்றைத் திறந்தால் பெரும்பாலும் இதே பட்டியல் காணப்படும்.

இன்றைய அறிவைக் கொண்டு இதைச் சற்று விளக்கலாம். வயலில் விழும் வெயிலின் பெரும்பகுதி நீரை ஆவியாக்கச் செலவாகிறது. ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த 4.2 ஜூல் போதும். அதே ஒரு கிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,400 ஜூல் வேண்டும். இவ்வளவு வெப்பமும் காற்றைச் சூடாக்காமல் நீராவியோடு போய்விடுகிறது. வயலை மூடித் தார்ச்சாலையும் கற்காரைத் தளமும் போட்டால் மழைநீர் வடிகாலில் ஓடிவிடுகிறது. ஆவியாக நீர் இல்லை. வெயிலின் வெப்பம் கல்லுக்குள்ளும் செங்கல்லுக்குள்ளும் இறங்கித் தங்குகிறது.

பொழுது சாய்ந்ததும் தரை தன் வெப்பத்தை வானை நோக்கிக் கதிர்வீச்சாக வெளியிடுகிறது. திறந்த வயலுக்கு வானம் முழுதும் தெரியும், விரைவில் குளிர்கிறது. குறுகிய தெருவின் நடுவே நின்று அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு கீற்றாகத்தான் தெரியும். அங்கே ஒரு சுவர் வெளியிடும் வெப்பத்தின் பெரும்பகுதியை எதிர்ச்சுவர் வாங்கிக்கொள்கிறது. எனவே தெரு மெல்லத்தான் குளிர்கிறது.

பகலில் இந்த வேறுபாடு ஏன் சிறுத்துவிடுகிறது? வெயில் ஏறியதும் காற்று கொந்தளித்து, தரையின் வெப்பம் ஒரு கிலோமீட்டர் உயரம் வரையிலும் கலந்து பரவுகிறது. இரவில் தரையை ஒட்டிய காற்று அசைவற்றுக் கிடக்கிறது. வெப்பம் அந்த மெல்லிய அடுக்கிலேயே தங்குகிறது. ஒரு கரண்டிச் சர்க்கரையை ஒரு தம்ளர் நீரில் போட்டால் இனிப்பு நன்கு தெரியும். ஒரு குடம் நீரில் போட்டால் தெரியாது. இரவுக் காற்று தம்ளர். பகற் காற்று குடம். இதனோடு, பகலில் உயரமான கட்டடங்கள் தெருவுக்கு நிழல் தருகின்றன. அக்கால இலண்டனில் நிலக்கரிப் புகையும் வெயிலை மறைத்தது.

ஹோவர்டிடம் உள்ள குறைகள்

பாராட்டோடு நின்றுவிட்டால் திறனாய்வு ஆகாது. ஹோவர்டின் நூலில் மூன்று குறைகள் உள்ளன.

முதலாவது, கருவி. நகரத்திலும் ஊரிலும் இருந்த வெப்பமானிகள் ஒன்றல்ல. அவற்றைப் பொருத்திய முறையும் ஒன்றல்ல. வெப்பமானியை வெயில் படாமலும் காற்றோட்டத்தோடும் வைக்கும் வெண்ணிறச் சட்டப் பெட்டியைத் தாமஸ் ஸ்டீவன்சன் அமைத்தது 1860-களில்தான். வெப்பமானி சுவரையொட்டி இருந்தால் அது காட்டும் வெப்பநிலையில் சுவரின் பங்கும் கலந்துவிடும். இந்தக் குறையை ஹோவர்டு மறைக்கவில்லை. கருவிகளும் இடங்களும் அவை வைக்கப்பட்ட நிலைகளும் மாறிய போதெல்லாம் நகரமே வெப்பமாக இருந்தது என்பதையே அவர் தம் முடிவுக்குச் சான்றாகக் காட்டினார். நகரம் வெப்பமானது என்பதற்கு அந்தச் சான்று போதும். எத்தனை பாகை என்பதற்குப் போதாது. நூறில் ஒரு பங்கு பாகைவரை எண்ணை எழுதியிருப்பது கருவியின் தகுதிக்கு மீறிய துல்லியம்.

இரண்டாவது, எடை. காரணங்களைச் சொன்னாரே தவிர, அவற்றுள் எது எவ்வளவு என்று அவரால் பிரிக்க முடியவில்லை. குளிர்கால இலண்டனின் நிலக்கரி அடுப்புகள் அவர் கண்ணை நிறைத்தன. அடுப்பே முதற்காரணமாக இருந்தால், எரிபொருள் குறைவாகச் செலவாகும் மாதங்களில் இரவு வேறுபாடு மறைந்துவிட வேண்டும். அவ்வாறு மறையவில்லை என்பதை இரண்டாம் நூலில் காணப்போகிறோம்.

மூன்றாவது குறையே பெரியது. அவர் ஒப்பிட்டுக் கழித்த அந்த ‘ஊர்ப்புறம்’ எப்படிப்பட்டது? பிளைஸ்டோ, தேம்ஸ் ஆற்றை ஒட்டிய சதுப்பு நிலங்களுக்கு அருகில் இருந்தது. ஈரநிலத்தின் வெப்பம் ஒரு வகை; மேட்டு நிலத்தின் வெப்பம் வேறு வகை. ஆகவே ஹோவர்டு கண்ட வேறுபாட்டில் நகரத்தின் பங்கு எவ்வளவு, ஆற்றோரத் தாழ்நிலத்தின் பங்கு எவ்வளவு என்று இன்று யாராலும் பிரிக்க முடியாது. இந்தக் குறையை மனத்தில் வைத்துக்கொண்டு இரண்டாம் நூலுக்குச் செல்வோம்.

வரைபடம் தந்தவர்

1801-இல் பிரிட்டனில் எடுத்த முதல் மக்கள் கணக்கில் இலண்டனில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் இருந்தனர். சாண்ட்லர் ஆய்வைத் தொடங்கிய காலத்தில் பெருநகரத்தின் மக்கள்தொகை 80 இலட்சத்தை எட்டியிருந்தது. ஹோவர்டின் டாட்டன்ஹாமையும் பிளைஸ்டோவையும் நகரம் எப்போதோ விழுங்கிவிட்டது. நகரம் என்னும் ஒரு புள்ளிக்கும் ஊர் என்னும் ஒரு புள்ளிக்கும் இடையே கழித்தல் கணக்குப் போடுவது இனிப் பயன்படாது என்று சாண்ட்லர் கண்டார். நகரெங்கும் பரவிய வானிலை நிலையங்களின் பதிவுகளைத் திரட்டினார். அவற்றிற்கு இடைப்பட்ட இடங்களை அறிய, ஓர் ஊர்தியில் கருவிகளைப் பொருத்தி இரவில் நகரத்தைக் குறுக்கே கடந்தார்.

அவர் திரட்டிய 1931-1960 சராசரிகளின்படி இலண்டன் நடுப்பகுதியின் ஆண்டு வெப்பநிலை 11.0 பாகை சென்டிகிரேடு, புறநகரில் 10.3, சுற்றியுள்ள நாட்டுப்புறத்தில் 9.6. நடுவுக்கும் வெளிக்கும் வேறுபாடு 1.4 பாகை. ஆனால் அவருடைய நூலில் புகழ்பெற்ற படம் வேறு ஒன்று. 1959 மே 14 இரவின் தாழ்ந்த வெப்பநிலை வரைபடம் அது. தெளிந்த வானமும் அமைதியான காற்றும் கொண்ட இரவு. நகர நடுவில் 11 பாகை. விளிம்பில் 4 பாகை. வேறுபாடு 7 பாகை! வயலிலிருந்து கட்டடப் பகுதிக்குள் நுழையும் விளிம்பில் வெப்பக் கோடுகள் நெருங்கி நிற்கின்றன, கடலிலிருந்து செங்குத்தாக எழும் கரையைப் போல. ‘வெப்பத் தீவு’ என்னும் பெயர் பொருத்தமானது என்று அந்தப் படத்தைப் பார்க்கும் எவருக்கும் தோன்றும்.

மே மாதம் கடுங்குளிர் மாதம் அன்று. அடுப்பு வெப்பம் மட்டும் இந்த 7 பாகையைத் தந்திருக்க முடியாது. பகலில் சுவர்களும் தளங்களும் தேக்கிய வெயிலே இதில் பெரும்பங்கு என்று கொள்ள இது இடந்தருகிறது. ஹோவர்டால் இயலாத எடை போடுதலைச் சாண்ட்லரின் படம் ஓரளவு செய்துவிடுகிறது. நகரத்தின் மொத்த அளவைவிட, நாம் நிற்கும் இடத்தைச் சுற்றிக் கட்டடங்கள் எவ்வளவு நெருக்கமாக உள்ளன என்பதே அந்த இடத்தின் இரவு வெப்பத்தை மிகுதியும் முடிவு செய்கிறது என்பதும் அவருடைய முக்கியமான முடிவு. இலண்டனைவிட மிகச் சிறிய லெஸ்டர் நகரத்தில் பின்னர் அவர் செய்த ஆய்வும் இதையே காட்டியது. ‘எங்கள் ஊர் சிறியது, இந்தக் கவலை நமக்கு இல்லை’ என்று எண்ணுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆயினும், இந்த வரைபடத்தின் வெற்றியே அதன் குறையும் ஆகிவிட்டது. 7 பாகை என்பது மிக ஏற்ற ஓர் இரவின் எண். மூட்டமும் காற்றும் உள்ள இரவில் தீவு ஏறக்குறைய கரைந்துவிடும். எல்லா நாட்களையும் சேர்த்தால் 1.4 தான் மிஞ்சுகிறது. இரண்டு எண்களும் உண்மை. இரண்டையும் சாண்ட்லர் கொடுத்திருக்கிறார். ஆனால் படம் ஒன்றைத்தான் நெஞ்சில் பதிக்கிறது. நூலைப் படிக்காமல் படத்தை மட்டும் எடுத்துக்கொண்ட பின்வந்தோர், மிகப் பெரிய எண்ணையே நகரத்தின் எண்ணாக எழுதும் பழக்கத்தை வளர்த்துவிட்டனர்.

தீவும் கடலும்

‘வெப்பத் தீவு’ என்னும் உவமையையும் சற்று ஐயத்தோடு பார்க்க வேண்டும். தீவு என்றால் சுற்றிலும் கடல். கடல் எங்கும் ஒரே மட்டம். நகரத்தைச் சுற்றியுள்ள நிலம் அப்படியா இருக்கிறது? காடு, நஞ்சை, புஞ்சை, தரிசு, ஏரி, சதுப்பு எனப் பலவாறு இருக்கிறது. அதுவும் மாறிக்கொண்டே இருக்கிறது. ஹோவர்டிடம் கண்ட மூன்றாவது குறை சாண்ட்லரிடமும் முழுதும் நீங்கவில்லை. நகரத்தின் ஒவ்வொரு தெருவையும் நுணுகிப் பார்த்தவர், ‘நாட்டுப்புறம்’ என்பதை மட்டும் மாறாத அளவுகோலாக வைத்துக்கொண்டார்.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். நகரத்தின் இரவு வெப்பநிலை 28 பாகை, ஊரில் 25 பாகை என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 3. பத்தாண்டுகளில் நகரம் மாறாமல் இருக்க, வெப்பமானி இருந்த ஊரில் வீடுகள் பெருகி அங்கு 27 ஆகிவிடுகிறது. வேறுபாடு 1. ‘நகர வெப்பம் குறைந்துவிட்டது’ என்று ஒருவர் அறிக்கை எழுதலாம். நகரத்தில் ஒரு மரமும் நடப்படவில்லை; ஒரு வீட்டிலும் எவரும் சற்றுக் கூடுதலாக உறங்கவில்லை; எண் மட்டும் குறைந்தது. இதற்கு மாறாக, ஊரில் கால்வாய்ப் பாசனம் வந்து பகல் குளிர்ந்தால், நகரம் மாறாமலேயே அதன் பகல் நேர ‘தீவு’ பெரிதாகிவிடும்.

இந்தப் பிழையை 1977-இல் அமெரிக்க அறிஞர் டபிள்யூ. பி. லோரி தெளிவாக எடுத்துக் காட்டினார். ஓரிடத்தின் வெப்பநிலையில் மூன்று பங்குகள் உள்ளன: அந்த வட்டாரத்தின் பொதுத் தட்பவெப்பம், அந்த இடத்தின் நில அமைப்பு, நகரம் சேர்த்தது. நகரத்தையும் ஊரையும் கழித்தால் மூன்றாவது பங்கு மட்டும் தனியே வந்துவிடாது. அதைப் பெற வேண்டுமானால் நகரம் எழுவதற்கு முன்பே அதே இடத்தில் அளந்திருக்க வேண்டும்.

அப்படியும் ஒருவர் அளந்தார். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் கொலம்பியா என்னும் புதிய நகரம் திட்டமிட்டு எழுப்பப்பட்டபோது, ஹெல்முட் லாண்ட்ஸ்பெர்க் 1968 முதலே அங்கு வெப்பநிலையை அளந்துவந்தார். ஓராயிரம் பேர் இருந்தபோது சுற்றுப்புறத்தோடு இருந்த மிகப் பெரிய வேறுபாடு ஏறத்தாழ ஒரு பாகை. சில ஆண்டுகளில் மக்கள்தொகை 20,000 ஆனபோது அது ஏறத்தாழ 7 பாகையை எட்டியது. வயலும் காடும் தெருவாகவும் தளமாகவும் மாறியதன் விளைவை ஒருவர் தம் கண் முன்னே அளந்த அரிய சான்று இது. இவ்விரு இலண்டன் நூல்களிலும் இல்லாதது இந்த ‘முன்னும் பின்னும்’தான்.

இந்தப் பாடத்தை அறிவியல் உலகம் முழுதும் கற்றுக்கொண்டதா? 1950 முதல் 2007 வரை வெளிவந்த 190 நகர வெப்ப ஆய்வுகளை அயன் ஸ்டூவர்ட் என்னும் ஆய்வாளர் ஒவ்வொன்றாகச் சோதித்து 2011-இல் தம் முடிவை வெளியிட்டார். அவற்றுள் கூறப்பட்ட எண்களில் ஏறத்தாழ பாதி, அறிவியல் முறைப்படி ஏற்கத்தக்கவை அல்ல என்று அவர் கண்டார். வெப்பமானியைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாமலே ‘நகரம்’, ‘கிராமம்’ என்று எழுதிவிடுவதே பல ஆய்வுகளின் நோய். அடுத்த ஆண்டு அவரும் டிம் ஓக்கும் சேர்ந்து, நகரம்-கிராமம் என்னும் இரண்டு பெயர்களைக் கைவிட்டு, நிலத்தைப் 17 வகைகளாகப் பிரிக்கும் முறையை வெளியிட்டனர். பத்து வகைகள் கட்டடப் பரப்புகள். ஏழு வகைகள் மரம், பயிர், வெற்றுத்தரை, நீர் முதலியவை. ஹோவர்டு தொடங்கிய கழித்தல் கணக்குக்கு இப்போதுதான் ஒழுங்கான அலகுகள் கிடைத்திருக்கின்றன.

அளவு வேறு, வேகம் வேறு

இங்கு மாணவர்கள் அடிக்கடி தடுமாறும் ஓர் இடத்தைத் தெளிவாக்குவது நல்லது. ‘வெப்பமானிகள் நகரங்களில் இருப்பதால்தான் உலகம் சூடேறுவதுபோல் தோன்றுகிறது’ என்று வாதிடுவோர் உண்டு. நகரம் வெப்பமாக இருப்பது ஒன்று; நகரம் ஊரைவிட வேகமாக வெப்பமாகி வருவது மற்றொன்று. பழைய நகரம் ஒன்றின் நடுப்பகுதி ஏற்கெனவே முழுதும் கட்டப்பட்டுவிட்டிருந்தால், அது ஊரைவிட இரண்டு பாகை மேலே இருந்தபடியே, ஊரோடு சேர்ந்து அதே வேகத்தில் ஏறலாம்.

இலண்டனே இதற்குச் சான்று. நகர நடுவில் உள்ள புனித ஜேம்ஸ் பூங்கா போன்ற நிலையங்களின் பதிவுகளை ஊர்ப்புற நிலையங்களோடு பில் ஜோன்சும் டேவிட் லிஸ்டரும் ஒப்பிட்டு 2009-இல் வெளியிட்டனர். நகர நிலையங்கள் வெப்பமாகவே இருந்தன. ஆனால் 1900-க்குப் பின் அவை ஊர்ப்புற நிலையங்களைவிட மிகுதியான வேகத்தில் சூடேறவில்லை. நகர வெப்பமும் உலக வெப்பமும் ஒன்றையொன்று பொய்யாக்குவதில்லை. நகரவாசிக்கு இரண்டும் சேர்ந்தே வந்து சேர்கின்றன.

புதிய வளரும் நகரங்களின் நிலை வேறு. அங்கே அளவும் கூடுகிறது, வேகமும் கூடுகிறது. எனவே ஒரு நகரத்தின் முடிவை மற்றொன்றுக்கு அப்படியே பெயர்த்து எழுதக் கூடாது.

வறண்ட நிலத்தின் பாடம்

இலண்டனில் கண்டதை நம் நாட்டுக்குப் பெயர்க்கும்போது இந்த எச்சரிக்கை இன்னும் முக்கியமாகிறது. இந்தியாவின் 84 நகர்ப்பகுதிகளைச் செயற்கைக்கோள் வழியாக ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2017-இல் வெளிவந்தது. பருவமழைக்கு முந்திய கோடைப் பகலில், பெரும்பாலான நகரங்களின் தரைப்பரப்பு சுற்றியுள்ள நிலத்தைவிடக் குளிர்ச்சியாகவே காணப்பட்டது. இரவிலோ நகரங்களே வெப்பமாக இருந்தன.

நகரம் தன்னைக் குளிர்வித்துக்கொண்டது என்று இதற்குப் பொருளா? அன்று. அறுவடை முடிந்து தரிசாய்க் கிடக்கும் வயலில் ஆவியாக நீர் இல்லை. அது கடுமையாகக் காய்கிறது. நகரத்திலோ சில மரங்களும் தோட்டங்களும் கட்டட நிழலும் உள்ளன. கழித்தலின் மறுமுனை உயர்ந்ததால் விடை குறைந்துவிட்டது. பயிர் நிற்கும் பருவத்தில் கணக்கு மறுபடியும் மாறுகிறது. நகர வெப்பத்தைப் பேசும்போது நகரத்தை மட்டும் பேசுவது போதாது. சுற்றியுள்ள நிலம் எந்தப் பயன்பாட்டில் இருக்கிறது என்பதையும் பேச வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

மற்றொன்றையும் கவனிக்கவும். செயற்கைக்கோள் காட்டுவது கூரை, சாலை, வயல் ஆகியவற்றின் பரப்பு வெப்பநிலை. 1972-இல் பி. கே. ராவ் இம்முறையால் நகர வெப்பம் வானிலிருந்து தெரிவதை முதன்முதலில் காட்டினார். மிகப் பயனுள்ள முறை. ஆனால் ஹோவர்டும் சாண்ட்லரும் அளந்தது காற்றின் வெப்பநிலை. வெயிலில் கிடக்கும் தகரக் கூரையில் கை வைக்க முடியாது. அதன் அடியில் இருப்பவர் சுவாசிக்கும் காற்று அந்த வெப்பநிலையில் இல்லை. வண்ண வண்ணமாக வரும் செயற்கைக்கோள் படங்களைக் காற்றின் வெப்பமாக எடுத்துக்கொள்வது இக்காலத்தின் புதிய பிழை.

முடிவாக

இவை வெறும் கணக்குச் சண்டை அல்ல. 2003 ஆகஸ்டில் ஐரோப்பாவை வெப்ப அலை தாக்கியபோது பிரான்சில் ஏறத்தாழ 15,000 பேர் வழக்கத்திற்கு மேலாக இறந்தனர். இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறத்தாழ 2,000 பேர். முதியவர்களே மிகுதி. பகல் வெயிலில் சோர்ந்த உடல் இரவுக் குளிர்ச்சியில்தான் தேறுகிறது. குளிராத இரவுகள் அடுத்தடுத்து வந்தால் உடல் தோற்றுவிடுகிறது. 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தின் கானிங்ஸ்பியில் 40.3 பாகை பதிவாயிற்று. பிரிட்டனில் 40 பாகையைத் தாண்டியது அதுவே முதல் முறை. இந்த உச்சப் பகல் எண்ணைத்தான் உலகம் நினைவில் வைத்துக்கொள்கிறது. நகரத் திட்டம் வகுப்பவர்கள் அதனோடு இரவு எண்ணையும் கேட்க வேண்டும். பகலை மட்டும் எண்ணி நிழலுக்கு ஏற்பாடு செய்துவிட்டு, இரவில் வெப்பம் வெளியேற வானத்தையும் காற்றையும் அடைத்துவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கும்.

இரு நூல்களைப் பற்றியும் தீர்ப்புச் சொல்வதானால்: ஹோவர்டு நேரத்தைச் சரியாகப் பிடித்தார், சாண்ட்லர் இடத்தைச் சரியாகப் பிடித்தார். ஒப்பீட்டின் மறுமுனையை இருவருமே போதிய அளவு ஐயப்படவில்லை. ஆயினும், தம் பதிவுகளையும் முறையையும் மறைக்காமல் எழுதிவைத்ததால்தான் இன்று நாம் இந்தக் குறையைக் காண முடிகிறது. அந்த நேர்மைக்காகவே இருவரும் நம் நன்றிக்குரியவர்கள்.

இனி நகர வெப்பத்தைப் பற்றி ஓர் எண்ணைப் படிக்கும்போது நான்கு கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள். காற்றின் வெப்பமா, தரையின் வெப்பமா? பகலா, இரவா? ஓர் இரவா, பல ஆண்டுச் சராசரியா? ஒப்பிட்ட இடத்தில் என்ன இருக்கிறது. வயலா, தரிசா, புதிய வீட்டுமனையா? பள்ளி மாணவர்கள் இதைத் தாமே செய்தும் பார்க்கலாம். ஒரே வகையான இரண்டு வெப்பமானிகளை முதலில் ஒரே இடத்தில் வைத்து, இரண்டும் ஒன்றுபோலக் காட்டுகின்றனவா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிறகு காற்றில்லாத தெளிந்த இரவு ஒன்றில், ஒன்றைக் கடைத்தெருவிலும் மற்றொன்றை ஊரின் எல்லையிலுள்ள வயலோரத்திலும் ஒரே உயரத்தில், சுவரை ஒட்டாமல், தொங்கவிட்டு ஒன்பது மணிக்குப் படியுங்கள். கிடைத்த எண்ணோடு, அந்த வயலில் அன்று என்ன பயிர் நின்றது, தண்ணீர் பாய்ந்திருந்ததா என்பதையும் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். ஹோவர்டின் பட்டியலில் இல்லாத குறிப்பு அது.